அம்மாவுக்காகச் சர்க்கரையைக் குறைத்த கேக்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவர் பிறந்தநாள் கேக்கில் 150 கிராம் சர்க்கரையைச் சேர்க்காமலே விட்டுவிட்டு, அதற்குப் பதில் அரை ஸ்பூன் ஸ்டீவியா (சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) பொடி போட்டேன். இனிப்பு இருந்தது, கேக் எழும்பவேயில்லை. அடை மாதிரித் தட்டையாக, வெளிறிப்போய், தொட்டால் உதிர்ந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. வெண்ணெயோடு அடிக்கும்போது அதன் பரல்கள்தான் காற்றை உள்ளே சேர்க்கின்றன. ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மேலே பொன்னிறம் வர உதவுவதும் அதுதான். துளி ஸ்டீவியாவால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

அடுத்த தடவை 50 கிராம் சர்க்கரையை வைத்துக்கொண்டு, மீதிக்கு 100 கிராம் எரித்ரிட்டால் சேர்த்தேன். இது சர்க்கரை மாதிரியே பரலாக இருக்கும் ஒரு மாற்று இனிப்பு. அதை மிக்ஸியில் நைசாக அரைப்பது முக்கியம். இல்லையென்றால் ஆறியதும் பல்லில் நறநறக்கும். ஈரத்துக்கு இரண்டு ஸ்பூன் தயிர். நிறம் குறைவாகத்தான் வரும், அதனால் நிறத்தைப் பார்க்காமல் குச்சி குத்திப் பார்த்து இறக்கினேன்.

நன்றாக எழும்பியது. மைதா இருக்கிறதே, அதனால் அம்மாவுக்குச் சின்னத் துண்டு ஒன்றுதான். "இன்னொன்னு கிடையாதா?" என்று கேட்டார்.