"நாலே நாள்தான் தம்பி": குழந்தைகள் மனநல வார்டில் நாள் கணக்குச் சொல்லும்போது நடக்கும் தவறுகள்

குழந்தைகள் மனநல வார்டில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். போன வாரம் ஒரு பயிற்சி மாணவி, அட்மிஷன் முடிந்த அரை மணி நேரத்தில் ஒரு பையனிடம், "நாலே நாள்தான் தம்பி, அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் இப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது மாதிரி விஷயங்கள் போகப்போகச் சரியாகிவிடும், அவற்றை எழுதவில்லை.

## பிள்ளையிடம் தேதி சொல்வது

பதினொரு வயதுப் பெண். வாரக்கணக்கில் சாப்பாட்டை ஒதுக்கி, எலும்பும் தோலுமாக வந்தாள். "ரெண்டு நாள் ஊசி போட்டுட்டு வந்துடலாம்" என்று சொல்லித்தான் அம்மா அவளை பஸ் ஏற்றியிருந்தார். அன்று ராத்திரி அவள் அழுத அழுகை தாங்காமல், "வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போலாம்டா" என்று சொல்லிவிட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து கோடு போட்டாள். தினமும் ராத்திரி ஒரு கோட்டை அடிப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், தலைவாரி ரிப்பன் கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு எடை 300 கிராம் குறைந்திருந்தது. ரவுண்ட்ஸில் டாக்டர் முடியாது என்றார். அவள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த இரண்டு நாள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று பேசுகிற அளவுக்குப் போய்விட்டது. என்னிடம் மறுபடி பேச எட்டு நாள் ஆனது. மொத்தம் ஐந்து வாரம் இருந்தாள். அதில் சில நாள் என் பொய்யால் கூடியவை.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். பாட்டி இரண்டு நாள் என்கிறார், அப்பா ஒரு வாரம் என்கிறார், நாம் நாலு நாள் என்கிறோம். பிள்ளை மூன்றையும் ஞாபகம் வைத்திருக்கிறது. "எத்தனை நாள்னு எனக்கு இப்பத் தெரியாது. மூணு வேளையும் சாப்பிட்டு எடை ஏறினா, முதல்ல ஒரு நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாம். திங்கட்கிழமை ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி திங்கட்கிழமை போய் நில்லுங்கள்.

பெற்றோருக்கு, பிள்ளையை எதற்காகச் சேர்த்திருக்கிறோம் என்பதிலிருந்து விளக்குங்கள். உயிருக்கு ஆபத்து என்று சேர்த்தால், அந்த ஆபத்து தணியும்வரை. அது சில நாளிலும் முடியலாம். மனச்சிதைவின் முதல் தாக்குதல் என்றால் மருந்தின் அளவு பிடிபட வாரங்கள் ஆகும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். பிள்ளை பத்திரமாக இருக்கும் என்றால், அந்தக் காத்திருப்பு முழுவதும் வார்டில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை.

## 30 நாளை 'கோர்ஸ்' என்று நினைப்பது

"சட்டப்படி 30 நாள் இருக்கணுமாமே?" என்று கேட்கிறார்கள். கிடையாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-வது பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்த்தால் 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் உடனே மறுபடி தெரிவிக்க வேண்டும். வாரியம் 7 நாளுக்குள் கட்டாயமாக ஆய்வு செய்யும், அதற்குப் பிறகு ஒவ்வொரு 30 நாளுக்கும். பிள்ளை தேவையில்லாமல் உள்ளேயே கிடந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது.

## துணைக்கு யார் என்று கேட்காமல் விடுவது

அதே சட்டப்படி, பிள்ளை வார்டில் இருக்கும் நாள் முழுக்கக் கூட ஒருவர் இருக்க வேண்டும். பெண் குழந்தைக்கு அப்பாதான் பொறுப்பாளர் என்றால், துணைக்கு ஒரு பெண் வேண்டும். அம்மா தினக்கூலிக்குப் போகிறவர், வீட்டில் கைக்குழந்தை வேறு. ஆறாம் நாள் "இனி முடியாது மேடம்" என்று பாதியிலேயே கூட்டிப் போய்விடுகிறார். நோய் குணமாகிப் போவதில்லை, ஆள் இல்லாமல் போகிறார்கள். முதல் நாளே சித்தி, அத்தை, பாட்டி யார் யார் மாற்றிவிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

## பக்கத்துக் கட்டிலோடு ஒப்பிடுவது

"பக்கத்துப் பிள்ளை இத்தனை நாளில் போயிடுச்சு" என்ற கணக்கு வேண்டாம். அது வேறு பிள்ளை, வேறு நோய்.

## ஒரு நாள் சிரித்ததும் கிளம்புவது

இன்னும் சில நாள் பாருங்கள். தூக்கம், சாப்பாடு, பேச்சு மூன்றும் நிலைக்கட்டும்.

## பள்ளிக்கூடத்தைக் கடைசி நாளில் நினைப்பது

பெற்றோர் சம்மதத்தோடு முதல் வாரமே வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள்.

## வீட்டை அப்படியே விட்டு அனுப்புவது

தற்கொலை முயற்சிக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைக்கு, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. வார்டில் நன்றாக இருந்தாள் என்று அந்த நேரத்தில் அசந்துவிடுகிறோம். பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே பூச்சிமருந்தும் எலி மருந்தும் வெளியே போயிருக்க வேண்டும். தாத்தாவின் சுகர், பிரஷர் மாத்திரைகள் பூட்டுக்குள் இருக்க வேண்டும், சாவி பெரியவர் கையில். ராத்திரியில் பதற்றம் வந்தால் கூப்பிட, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அம்மாவின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்து வர வேண்டிய நாளையும் ஒரு வாரத்துக்குள் குறித்துக் கொடுங்கள். அந்தத் தேதியைப் பிள்ளையிடம் தாராளமாகச் சொல்லலாம்.