ஆளுமைத் தேர்வை ஜாதகமாக்காதீர்கள்: மாணவத் தலைவர்களை வளர்ப்பதில் நடக்கும் தவறுகள்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குக் குழுத் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க, சில வருடங்களுக்கு முன் நான் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். ஆட்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் இலவச ஆளுமைத் தேர்வு ஒன்றை எல்லாரையும் செல்போனில் எழுதச் சொன்னேன். 'இ' (E) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் விடை வந்தவர்கள், அதாவது கலகலப்பாகப் பழகுகிறவர்கள், தலைவர்கள். 'ஐ' (I) வந்தவர்களுக்கு, அதாவது அதிகம் பேசாமல் ஒதுங்கி இருப்பவர்களுக்கு, உள்வேலை.

மூன்றாம் நாள் ராத்திரி நல்ல மழை. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக் கட்டடம் ஒழுக ஆரம்பித்தது. மேடையில் பொளந்து கட்டிய என் தலைவர்கள் "சார், இப்ப என்ன பண்றது?" என்று வந்து நின்றார்கள். அரிசி மூட்டையை பெஞ்ச் மேல் ஏற்றச் சொல்லி, பாய்களைச் சுருட்ட வைத்து, யார் எந்த அறையில் படுப்பது என்று பிரித்துவிட்டது ஒரு மாணவி. 'ஐ' வந்ததால் நான் சமையல் கணக்கு எழுத உட்கார வைத்திருந்த பெண்.

தேர்வை வைத்துப் பதவி கொடுத்ததுதான் என் முதல் தவறு. இந்தப் பதினாறு வகைக்கு மூலமான மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை வெளியிடுகிறவர்களே, ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். அதை உருவாக்கியவர்கள் காதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ். இருவருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதிய புத்தகத்தை வைத்துக் கட்டிய வகைப்பாடு அது. அதில் பெரிய சிக்கல், நடுவில் கோடு கிழிப்பது. கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு எழுத்து, அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேறு எழுத்து. சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் கணிசமான பேருக்கு ஏதாவது ஒரு எழுத்து மாறிவிடுகிறது.

ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது 'பிக் ஃபைவ்' என்கிற ஐந்து பண்பு அளவை. அது யாரையும் வகைக்குள் அடைக்காது. ஒவ்வொரு பண்பிலும் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் காட்டும். கலகலப்புக்கும் தலைமைக்கும் தொடர்பு இல்லையா என்றால், இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வந்த ஒரு அலசல் அதைச் சொன்னது. ஆனால் அந்தத் தொடர்பு, யார் தலைவராக முன்னே வருகிறார் என்பதில்தான் கூடுதலாகத் தெரிந்தது; வந்தபின் யார் நன்றாக நடத்துகிறார் என்பதில் அதைவிடக் குறைவு. என் மழை ராத்திரிக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

அடுத்தது, "அப்படியே என்னைச் சொல்லுது சார்" என்று பிள்ளைகள் வியக்கும்போது நாமும் சேர்ந்து வியப்பது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். நம் ஊர் கிளி ஜோசியக்காரருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. இப்போதெல்லாம் எந்தத் தேர்வுக்கும் முன்னால் இதை நான் செய்துகாட்டிவிடுகிறேன். "உங்களுக்கு இளகிய மனசு, ஆனால் சுலபத்தில் ஏமாற மாட்டீர்கள், உங்கள் உழைப்புக்கேற்ற பெயர் இன்னும் கிடைக்கவில்லை" என்று மடித்த சீட்டில் எழுதி ஆளுக்கொன்று கொடுப்பேன். தலையாட்டி முடித்தபின் பக்கத்தில் இருப்பவரின் சீட்டை வாங்கிப் படிக்கச் சொல்வேன். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் யாரும் தேர்வு முடிவை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை.

மொழியை மறந்துவிடுவதும் உண்டு. பிக் ஃபைவுக்கு யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. முதல் வரியே, பார்ட்டியின் உயிர்நாடி நான்தான் என்கிற பொருளில் வரும். தமிழ்வழியில் படித்து வந்த ஒரு பையன் எழுந்து, "பார்ட்டின்னா கட்சியா சார்?" என்றான். அவன் மேல் என்ன தப்பு? அவன் ஊரில் பார்ட்டி என்றால் கட்சிதான். கேள்வியே புரியாமல் வந்த மதிப்பெண் எதை அளக்கும்? "கல்யாண வீட்டில் தெரியாதவர்களிடம் நானாகப் போய்ப் பேசுவேன்" என்று ஏதாவது நம் ஊர்ச் சூழலைச் சொல்லி விளக்குங்கள். விளக்கியபின் மதிப்பெண்ணை மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள். பேச்சைத் தொடங்க மட்டும் அது போதும்.

முடிவை வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. போடாதீர்கள். முதலாமாண்டில் பலருக்குப் பதினேழு வயதுதான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு நிரம்பாதவர் குழந்தை, அவருடைய தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

இனி கோச்சிங். பாடத்துக்கான டியூஷன் இல்லை; கேள்வி கேட்டு, வழியை அவர்களையே கண்டுபிடிக்க வைப்பது. 'லைஃப் கோச்' என்று பலகை மாட்ட நம் நாட்டில் உரிமம் எதுவும் வேண்டாம். அதனால் அழைக்கும் முன், எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை மணி நேரம் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். ஒரு நாள் மோட்டிவேஷன் கூட்டத்தைக் கோச்சிங் கணக்கில் எழுதுகிற கல்லூரிகள் நிறைய. கைதட்டல் மறுநாள் காலை இட்லியோடு போய்விடும்.

ஆசிரியர்களான நமக்கு வருகிற வியாதி வேறு: அட்வைஸ். அந்த அரிசி மூட்டைப் பெண் அடுத்த வருடம் குழுத் தலைவி. "நான் சொல்றதை யாரும் கேக்கறதில்லை சார்" என்று வந்தாள். எனக்கு நாக்கு நுனியில் பத்து யோசனை. அடக்கிக்கொண்டு, "கடைசியா யார்கிட்டம்மா, என்ன சொன்ன?" என்றேன். செல்போனை எடுத்துக் காட்டினாள். 'அனைவரும் காலை ஆறு மணிக்கு வரவும்.' குழுவில் போட்ட செய்தி, பதிலே இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவள், "இதுல நான் யார்கிட்டயும் பேசவே இல்லையே சார்" என்றாள். மறுநாள் இரண்டு பேரை நேரில் பார்த்துக் கேட்பது என்று அவளே முடிவு செய்தாள். நான் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

அப்படிப் பேசும்போது வேறு விஷயங்களும் வரும். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் கோச்சிங்கை அங்கேயே நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. மற்றபடி உங்களிடம் சொன்னது துறைத்தலைவர் காதுக்குப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறொருவரிடம் சொல்வேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது எங்கள் முகாமில் குழுத் தலைவர் நாளுக்கு ஒருவர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அன்றைய தலைவரோடு பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்வேன். ஆளுமைத் தேர்வுத் தாள் அவர் கையில்தான் இருக்கும். "இன்னைக்கு நடந்ததுல எது இந்தத் தாள்ல இல்லை?" என்று கேட்டுவிட்டு, கொசுவை அடித்துக்கொண்டு காத்திருப்பேன்.