கச்சான் காற்றுக் கிளம்ப முதல் ஏறிவிடுங்கள்

திருகோணமலைக்கு வருகிறோம், மூதூரில் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குப் புறாமலைத் தீவைக் காட்ட வேண்டும், கையில் நாலு நாள்தான் இருக்கிறது என்று யாராவது போன் எடுத்தால், நான் முதலில் கேட்பது எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைத்தான். மே முதல் செப்டெம்பர் வரை என்றால் யோசிக்காமல் வாருங்கள். நவம்பர் பிறந்துவிட்டால் வாடைக் காற்றும் மழையும்தான், அந்த நாட்களில் சின்ன வள்ளத்தில் ஏறும் ஆசையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து புட்டும் மீன் குழம்பும் சாப்பிடுங்கள்.

கொழும்பிலிருந்து ரோட்டால் 250 கிலோமீற்றருக்கு மேல். பஸ் இருக்கிறது, இரவு ரயிலும் இருக்கிறது, காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ரயில்தான். ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிக் களைத்துப்போய் நிற்பவர்களுக்கும், ஏழெட்டு மணித்தியாலம் இருக்க முடியாத வயதானவர்களுக்கும் குட்டி விமானம் பெரிய உதவி. சினமன் எயார் என்ற கம்பனி செஸ்னா கரவான் என்ற சின்ன விமானத்தில் திருகோணமலையின் சீனன்குடா விமான நிலையத்துக்குப் பறக்கிறது. ஒற்றை என்ஜின், பத்துப் பேர்கூட ஏறமாட்டார்கள், ஒரு வேனை இறக்கை வைத்துப் பறக்கவிட்ட மாதிரி இருக்கும்.

இதில் எல்லாமே நிறைதான். சாமான் வழக்கமாக ஆளுக்கு 20 கிலோ, கைப்பையும் அதற்குள்தான். டிக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைத் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய விமானத்தில் வந்த 30 கிலோ சூட்கேசை அப்படியே இழுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள், மிச்சத்தைச் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து ரயிலில் வரச் செய்யுங்கள். கெட்டியான பெட்டியை விட மெத்தென்ற துணிப் பை நல்லது, இடுக்கில் அமத்தி வைக்கலாம். உங்கள் உடம்பு நிறையையும் கேட்கலாம். எங்கள் மாமி ஒருத்தியிடம் கேட்டபோது பத்துக் கிலோவைக் குறைத்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வெட்கப்பட வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள், யாரை எங்கே இருத்துவது என்பதை அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இறக்கை மேலே இருப்பதால் எந்தப் பக்கம் இருந்தாலும் கீழே நன்றாகத் தெரியும். காது அடைக்கும், சளி பிடித்த பிள்ளை என்றால் குடிக்கவோ சப்பவோ ஏதாவது கையில் வைத்திருங்கள். வெயில் ஏறினால் நிலத்திலிருந்து சூடு கிளம்பி விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும், அதனால் காலையில் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். சீனன்குடாவில் காட்டுக்குள் வட்ட வட்டமாகத் தெரிபவை வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், மொத்தம் 99 என்று ஊரில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டதும் இந்தப் பக்கம்தான். இன்றைக்கும் அது விமானப்படையின் இடம், ஆகவே அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையிலேயே இருக்கட்டும், இறங்கியதும் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போக வருபவரிடம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

சரி, மூதூர். கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் திருகோணமலையில் நாங்கள், அந்தப் பக்கம் மூதூரில் அவர்கள். சின்ன வயதில் ஜெட்டியில் லோஞ்ச் (ஆட்களை ஏற்றும் மோட்டார் படகு) ஏறினால் ஒரு மணித்தியாலம் போல எடுக்கும், "தங்கச்சி, கொஞ்சம் அரக்கி இருங்கோ" என்று லோஞ்ச்கார நானாமார் (முஸ்லிம் அண்ணன்மார்) சொல்லிச் சொல்லியே இன்னும் பத்துப் பேரை ஏற்றிவிடுவார்கள். ரோட்டால் போவதென்றால் கிண்ணியாவில் பாதை, உப்பாற்றில் பாதை, மகாவலி கங்கையில் பாதை, ஒவ்வொன்றிலும் இறங்கி வெயிலில் நிற்க வேண்டும். (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் வழி இல்லை, வாகனத்தையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவை.) 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது, அப்புறம் மற்ற இடங்களுக்கும் பாலம் வந்துவிட்டது. ஆகவே பெரியம்மாவைப் பார்க்க இன்றைக்கு பஸ்ஸே போதும். லோஞ்ச் ஓடுகிற நாளாக இருந்து உங்களுக்கும் ஆசையாக இருந்தால் ஒரு வழிக்கு மட்டும் ஏறுங்கள், வெள்ளன போங்கள், கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடக்கும்.

ஏறும்போது ஒன்றைப் பாருங்கள். ஆட்களை எண்ணுங்கள், பாதுகாப்பு அங்கியை எண்ணுங்கள். 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தது இந்த ஊருக்கு மறக்காது. கடலில் கூட இல்லை, களப்பில். கூட்டமாக இருந்தால் அடுத்ததுக்கு நில்லுங்கள், யார் என்ன சொன்னாலும் சரி.

புறாமலைக்கு நிலாவெளிக்குப் போக வேண்டும், டவுனிலிருந்து வடக்கே ஒரு 15 கிலோமீற்றர். கரையிலிருந்து பார்த்தால் தீவு கைக்கெட்டும் தூரம், ஒரு கிலோமீற்றர்தான் இருக்கும். 2003 முதல் அது தேசியப் பூங்கா, ஆகவே வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் வேறு, வள்ளக் கூலி வேறு, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வள்ளத்துக்குத்தான் கூலி, ஆளுக்கு இல்லை, அதனால் ஆள் சேர்ந்து போனால் மலிவு.

இங்கேதான் கச்சான் விளையாடும். ஜூன், ஜூலையில் மேற்கேயிருந்து தரைப் பக்கமாக அடிக்கிற காய்ந்த காற்று அது. போகும்போது முதுகுப் பக்கம் அடிப்பதால் ஒன்றும் தெரியாது, கரையோரமும் தட்டையாகத்தான் கிடக்கும். அதை நம்பி ஒரு வருடம் பதினொரு மணிக்குப் போனேன். திரும்பும்போது காற்று நேரே முகத்துக்கு, வள்ளம் ஒவ்வொரு அலையிலும் டம் டம் என்று அடித்து விழுகிறது, முன்பக்கம், அணியத்தில் இருந்த எனக்கு உப்புத் தண்ணீர் வாளி வாளியாக. மடியிலிருந்த போன் அன்றோடு சரி. ஏழரை, எட்டு மணிக்கே போய்ப் பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள், பின்பக்கமாக என்ஜினுக்குக் கிட்ட இருங்கள், போனை இறுகக் கட்டிய பையில் போட்டுவிடுங்கள்.

தீவில் கடை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், பொலித்தீன் வேண்டாம். கரை முழுக்கச் செத்த முருகைக்கல் (பவளப்பாறை), வெறுங்காலோடு நடந்தால் கிழிக்கும். தண்ணீருக்குள் உயிரோடு இருப்பதன் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள். கறுப்பு முனைச் செட்டையோடு சின்னச் சுறா கிட்ட வந்தால் பதறவேண்டாம், அது உங்களைக் கண்டு தான் ஓடும்.

வள்ளக்காரத் தம்பியிடம் திரும்பி வர வேண்டிய நேரத்தைச் சொல்லி, அவருடைய நம்பரையும் வாங்கிக்கொண்டு, காசில் பாதியைக் கரைக்குத் திரும்பிய பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். பத்தரைக்கு என்றால் பத்தரைக்கே வந்து நிற்பார்.