வளர்ந்தபின் ஜூடோ: விழவும் வீசவும் பழகும் முதல் ஆண்டுகள்

முப்பதைத் தாண்டி ஜூடோவில் சேருகிறவர்கள் நடுவில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் திறமைக் குறைவு அல்ல. தோள்பட்டையோ முழங்காலோ முதல் ஆண்டிலேயே கெட்டுப்போகிறது. அதனால் நீண்ட காலம் விரிப்பில் இருக்க முடிகிற மாதிரி பயிற்சியை அமைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

சேருமுன் தரையைப் பாருங்கள். வீச்சுப் பயிற்சிக்கு நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள, அழுத்தமான ஜூடோ விரிப்பு வேண்டும். சிமெண்டுத் தரையில் இரண்டு சென்டிமீட்டர் நுரை விரிப்பைப் போட்டிருந்தால் அங்கே தரைப்பிடி மட்டும் பழகலாம். விரிப்புகளுக்கு நடுவே இடைவெளி இருக்கக் கூடாது, கால் கட்டைவிரல் மாட்டித் திரும்பிவிடும். புதிதாக வந்தவரை எத்தனை வாரம் கழித்து ரந்தோரியில், அதாவது சுதந்திரமாக மோதிப் பழகும் சுற்றில், விடுவார்கள் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். முதல் நாளே இறக்கிவிடுகிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

உடுப்பு ஜூடோவுக்கென்று தைத்ததாக இருக்க வேண்டும். கராத்தே சட்டை தோளில் கிழியும், கிழிசலில் ஜோடியின் விரல் சிக்கும். ஒற்றை நெசவுச் சட்டை தொடக்கத்துக்குப் போதும், சீக்கிரம் காயவும் செய்யும். பருத்தி சுருங்கும் என்பதால் ஓரளவு பெரிதாக வாங்குங்கள். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும். ஈரத்தோடு பைக்குள் ஒரு ராத்திரி கிடந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாற்றமும் பூஞ்சையும் வந்துவிடும். இரண்டு செட் வைத்திருப்பது நல்லது.

விழுதல்

ஜப்பானியத்தில் உகெமி. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வகுப்பிலும் பின்விழுதல், இரு பக்க விழுதல், முன் உருளல் ஒவ்வொன்றையும் இருபது முறையாவது செய்யுங்கள்.

பின்விழுதலைக் குந்திய நிலையிலிருந்து தொடங்குங்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, பார்வையை இடுப்புப் பட்டையின் முடிச்சில் வையுங்கள். புட்டத்தைக் குதிகாலுக்குப் பக்கத்தில் இறக்கி, முதுகை வளைத்து உருளுங்கள். தோள்பட்டை தரையைத் தொடும் அதே நொடியில் இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, ஓங்கி அடியுங்கள். கைகள் உடம்போடு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகைக்குள் இருக்கட்டும். அதைவிட விரிந்தால் அதிர்ச்சி தோள்மூட்டுக்குப் போகும், ஒடுங்கினால் கை உடம்புக்கு அடியில் மாட்டும். மூச்சை வெளியே விடுங்கள். தலை தரையைத் தொடவே கூடாது.

எல்லோரும் செய்யும் தவறு, விழும்போது கையை ஊன்றித் தாங்கப் பார்ப்பது. மணிக்கட்டு, முழங்கை, கழுத்துப்பட்டை எலும்பு மூன்றும் இப்படித்தான் போகின்றன. பயத்தில் உடம்பு தானாகச் செய்வது இது. அதனால் நூற்றுக்கணக்கான முறை விழுந்துதான் போக்க முடியும். பக்கமாக விழும்போது கால்களைப் பின்னிக்கொள்வது அடுத்த தவறு, கணுக்கால் எலும்புகள் ஒன்றோடொன்று மோதும்.

வீசுகிறவருக்கும் இதில் கடமை உண்டு. ஜோடி விழும்போது அவருடைய சட்டைக்கையை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருந்தால் அவர் பக்கவாட்டில் பத்திரமாக இறங்குவார், தலை தப்பும்.

இரண்டே வீச்சுகள்

ஜூடோவின் தலைமையகமான கொடோகானின் பட்டியலில் 68 வீச்சுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை முன்னோக்கி வீச, ஒன்றைப் பின்னோக்கி வீச எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் அவற்றிலேயே இருங்கள். முன்னோக்கி வீச, குட்டையானவர்களுக்குத் தோளுக்கு மேலாக வீசும் இப்போன் செயோய்-நாகே, உயரமானவர்களுக்கு ஜோடியின் உள்தொடையில் காலைக் கொடுத்துத் தூக்கும் உச்சி-மாத்தா பொதுவாக ஒத்துவரும். பின்னோக்கி வீசுவதில் எல்லோரும் முதலில் கற்பது ஓசோட்டோ-காரி, ஒற்றைக் காலை வாரிவிடுவது.

ஓசோட்டோ-காரியில் வலதுகைக்காரர் இடக்கையால் ஜோடியின் சட்டைக்கையையும் வலக்கையால் கழுத்துப்பட்டியையும் பிடிக்கிறார். இடது பாதத்தை ஜோடியின் வலது பாதத்துக்கு வெளிப்பக்கம், அதே வரிசையில் ஊன்ற வேண்டும். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, சட்டைக்கையைத் தன் இடுப்பை நோக்கிக் கீழே இழுத்தால் ஜோடியின் எடை முழுவதும் வலது குதிகாலில் வந்து நிற்கும். இந்தச் சமநிலை குலைப்புக்குப் பெயர் குசுஷி. அது வந்த பிறகே வலது காலைப் பின்னால் வீசி, தன் கெண்டைக்காலால் அவருடைய தொடையின் பின்புறத்தை வார வேண்டும். கால் விரல்கள் கூராக நீண்டிருக்க, தலை தாழ்ந்து முன்னே போகும்.

ஊன்றுகால் தள்ளி நின்றுவிட்டால் உடம்பு பின்னால் சாயும், கால் மட்டும் எட்டிப் போகும். அப்போது ஜோடி அதே வீச்சை உங்கள் மேலேயே திருப்பிவிடுவார். வீச்சு நடக்கவில்லையென்றால் பெரும்பாலும் வாரும் காலில் குறை இருக்காது, ஊன்றுகாலைப் பாருங்கள்.

இந்த வீச்சில் ஜோடி நேராகப் பின்னால் விழுவதால் பின்மண்டை மோதும் ஆபத்து மற்றவற்றைவிட அதிகம். ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோவில் இறந்தார்கள். அவர்களில் பலர் முதலாண்டு மாணவர்கள், முக்கியக் காரணம் தலைக்காயம். ஆகவே விழத் தெரியாதவர்மேல் இதை வேகமாகப் போடாதீர்கள். தலையில் அடிபட்டு வலியோ குமட்டலோ மயக்கமோ இருந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது, மருத்துவரிடம் போகவேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் படும் இரண்டாம் அடி உயிரையே குடிக்கலாம்.

வீசாமல் உள்ளே நுழைந்து நுழைந்து திரும்பும் பயிற்சி உச்சிகோமி. பத்துப் பத்தாக ஐந்து சுற்று செய்து, ஒவ்வொரு சுற்றின் கடைசி முறையில் வீசி முடியுங்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டால் அரைகுறை நுழைவே பழகிப்போகும்.

ரந்தோரி

நான்கு நிமிடச் சுற்றில் ஐந்து முறை விழுந்தால் அது நல்ல சுற்று. புதியவர்கள் இரு கைகளையும் விறைப்பாக நீட்டி ஜோடியைத் தள்ளியே வைப்பார்கள். விழமாட்டார்கள், எதையும் கற்கவும் மாட்டார்கள், பத்து நிமிடத்தில் முன்னங்கை கல்லாகிவிடும். முழங்கையை மடக்கி இறக்குங்கள். ஜோடியாக, கறுப்புக்கு முந்தைய படியான பழுப்புப் பட்டைக்காரர் கிடைத்தால் நல்லது, அவருக்கு உங்களைப் பத்திரமாக இறக்கத் தெரியும். உங்களைவிட இருபது கிலோ கூடிய புதியவரோடு முதல் ஆண்டில் மோத வேண்டாம்.

தானி-ஓத்தோஷி என்ற வீச்சைத் தொடக்கக்காரர்கள் ரந்தோரியில் போடக் கூடாது என்று வகுப்பிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். பின்னால் உட்கார்ந்து இழுக்க வேண்டியவர், பழக்கமில்லாமல் ஜோடியின் முழங்காலின் பக்கவாட்டில் விழுந்துவிடுவார். தசைநார் அறுந்தால் ஒரு வருஷம் போய்விடும்.

தரைப்பிடியைத் தாமதிக்காமல் தொடங்குங்கள், அதில் விழும் ஆபத்து இல்லை. கெசா-காதாமே போன்ற அமுக்குப்பிடியில் எதிராளியை மல்லாக்க இருபது விநாடி வைத்திருந்தால் போட்டியில் முழுப்புள்ளி. மூட்டைப் பூட்டும் பிடிக்கு முழங்கையில் மட்டுமே அனுமதி. முழங்கை முழுவதும் நீண்டவுடன் தோல்வியை ஒப்புக்கொண்டு இரண்டு முறை தட்டிவிடுங்கள், வலிக்கும்வரை காத்திருந்தால் மூட்டு நகர்ந்திருக்கும். கழுத்து நெரிப்பில் மூளைக்குப் போகும் ரத்தம் நிற்கிறது, பத்து விநாடிக்குள் நினைவு தப்பலாம். கை மாட்டியிருந்தால் காலால் தட்டலாம், அல்லது தோற்றேன் என்ற பொருளில் “மாய்த்தா” என்று சொல்லலாம்.

விரல்களுக்கு மூட்டின் மேலும் கீழும் டேப் சுற்றுங்கள். ஜோடி பிடியை உதறிப் பிடுங்கும்போது விட்டுவிடுங்கள், வீம்பாகத் தொங்கினால் விரல்மூட்டு வீங்கி நிரந்தரமாகத் தடித்துவிடும். காது வீங்கி மெத்தென்று ஆனால் ஓரிரு நாளுக்குள் காது மருத்துவரிடம் காட்டி நீரை எடுக்க வேண்டும். படர்தாமரை வந்தால் குணமாகும்வரை விரிப்பில் ஏறாதீர்கள். மருந்துக்கடையில் தானாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், படர்தாமரையைப் பரப்பும்.

வாரம் இரண்டு வகுப்பு குறைந்தபட்சம், மூன்று போதுமானது. நாற்பதைத் தாண்டியவர்கள் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். இப்படிப் பழகினால் கறுப்புப் பட்டைக்குப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு ஆண்டு ஆகும். அந்த முதல் படிக்குப் பெயர் ஷோதான், ‘ஷோ’ என்றால் தொடக்கம்.

ஒன்றரை வருஷம் ஆனதும் முன்னேற்றமே இல்லை என்று தோன்றும். உங்களோடு மோதுகிறவர்களும் வளர்ந்துகொண்டிருப்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு குறிப்பேட்டில் அன்றன்று எந்த வீச்சில் விழுந்தீர்கள், அப்போது யார் கை எங்கே பிடித்திருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்று மாதம் புரட்டினால் ஒரே பிடியில்தான் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

காயத்தாலோ வேலையாலோ ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப்போனால், திரும்பி வரும் முதல் வாரம் விழுதலும் உச்சிகோமியும் மட்டும். இரண்டாம் வாரம் தரைப்பிடி. நின்று மோதுவது மூன்றாம் வாரத்தில்.