லெமூருக்குப் பிடித்த மரம் எது? கணக்கெடுக்கும் முறை

மடகாஸ்கரின் தெற்கே, மண்ட்ராரே ஆற்றங்கரையில் பெரென்டி என்றொரு காடு. லெமூர் என்பது குரங்குக்கு உறவான விலங்கு. வாலில் கறுப்பு வெள்ளை வளையம் போட்ட லெமூர்களை 1963இல் அலிசன் ஜாலி என்ற ஆய்வாளர் கவனிக்கத் தொடங்கியது இங்கேதான். இங்குள்ள பெரிய மரங்களில் பல புளியமரங்கள். ஆமாம், நம் ஊர்ப் புளியேதான். அங்கே அதன் பெயர் ‘கிலி’. கொழுந்து, பூ, பழம், எதையும் லெமூர் விடாது.

சரி, அனுமதி வாங்கிக் காட்டுக்குள் வந்துவிட்டீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் எதையும் எழுத வேண்டாம். காது வெட்டு, முகத் தழும்பு, வால் முறிவு இவற்றை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காணப் பழகுங்கள். உங்களைக் கண்டு அவை ஓடாமல் இருக்கவும் அந்த நாட்கள் வேண்டும்.

அடுத்து, ஒரு லெமூரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பின்தொடருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் ஒலிக்கும்போது அது எந்த மரம், எவ்வளவு உயரம், என்ன செய்கிறது என்று எழுதுங்கள். சண்டை, தாவல் என்று கண் போகும் பக்கமெல்லாம் எழுதினால், சும்மா உட்கார்ந்திருந்த நேரம் கணக்கிலேயே வராது. ‘தரை’ என்றும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்; இந்த லெமூர் கீழேயும் நிறைய நேரம் திரியும்.

அது நகர்ந்த பிறகு மரத்தில் நாடா கட்டி எண் போடுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். தையல்காரர் டேப்பே போதும், பெரிய புளிக்கு மட்டும் நீளமானது வேண்டும்.

புதிதாக வருபவர்கள் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். லெமூர் ஏறாத மரங்களையும் எண்ண வேண்டும்! அதன் நடமாட்டப் பகுதியில், கண்ணுக்குப் பிடித்த இடமாகப் பார்க்காமல் சீட்டுக் குலுக்கி, 20க்கு 20 மீட்டர் சதுரங்கள் சில தேர்ந்தெடுங்கள். அதற்குள் 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட எல்லா மரங்களையும் இனம் பிரித்து எண்ணுங்கள். அலுப்பான வேலைதான்.

இப்போது ஒப்பிடலாம். தின்றதாக எழுதிய 100 பதிவில் 40 புளியில் என்று வைத்துக்கொள்வோம். காட்டு மரங்களிலும் நூற்றுக்கு 40 புளியென்றால், கண்ணில் பட்டதில் ஏறியிருக்கிறது, அவ்வளவே. நூற்றுக்கு 10தான் என்றால் தேடிப் போயிருக்கிறது. ஆனால் ஒரு பெரும்புளி பத்துச் சிறுமரத்துக்குச் சமம். விட்டக் கணக்கு அப்போதுதான் கைகொடுக்கும். மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட மாதங்களில் ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றுபோல் இருக்காது.