உங்கள் பெயரில் ஃபேன் விற்கிறீர்களா? இபிஆர் கணக்கை இப்படித் தொடங்குங்கள்

இபிஆர் என்பது, விற்ற மின்பொருள் கழிவாகும்போது அதை மறுசுழற்சிக்கு அனுப்ப வைக்கும் பொறுப்பு (Extended Producer Responsibility). அதற்கு அரசிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடை வைத்து, பெரிய கம்பெனியின் ஃபேனை வாங்கி விற்பவருக்கு அது வேண்டாம். தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கண்டெய்னரில் இறக்குமதி செய்பவருக்கும், வெளியூரில் செய்ய வைத்துத் தன் லேபிளை ஒட்டுபவருக்கும்தான் இது. தொழிற்சாலையே இல்லாவிட்டாலும், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022-இன்படி இவர்கள் 'புரொட்யூசர்'. ஆலையில் பொருளைச் செய்பவர் 'மேனுஃபேக்சரர்'. தமிழில் இரண்டையும் உற்பத்தியாளர் என்றே சொல்லிவிடுவதால் பதிவு செய்யும்போது பலர் தவறான கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சொந்த ஷெட்டில் அசெம்பிள் செய்து சொந்தப் பெயரிலும் விற்றால் இரண்டு பதிவும் தனித்தனியே வேண்டும்.

படி 1: விதி உங்களுக்குப் பொருந்துமா?

விதியின் முதல் அட்டவணையில் 106 வகைப் பொருட்கள் இருக்கின்றன. ஃபேன், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், பிரிட்ஜ், செல்போன் எல்லாம் உண்டு. பேட்டரி இந்தக் கணக்கில் வராது, அதற்குத் தனி விதி. இன்வெர்ட்டர் விற்பவர்கள் பேட்டரி எடையையும் சேர்த்துக் காட்டி வீணாகச் சுமையை ஏற்றிக்கொள்வது உண்டு.

குறு நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். நம் மாவட்டத்தில் பலர் இதற்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. எதையும் செய்யாமல் வாங்கி விற்பவருக்கும் உத்யம் (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) கிடைக்கிறது, ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும் என்று 2021-லேயே சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளை நம்பி இருந்துவிடாமல், விலக்கு உண்டா என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

படி 2: எண்ணிக்கை வேண்டாம், எடை

இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். பில்லில் 'பீஸ்' இருக்கும், பதிவு செய்யும் இணையதளமான இபிஆர் போர்ட்டலில் டன் கேட்கும். ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் இல்லாமல் தராசில் வைத்து எடுங்கள். பேக்கிங்கோடு நிறுத்தால் அந்தக் கூடுதல் எடைக்கும் ஆண்டுதோறும் காசு கொடுப்பீர்கள். பிறகு எக்ஸெலில் நிதியாண்டு, மாடல், அட்டவணைக் குறியீடு, எண்ணிக்கை, ஒன்றின் எடை, மொத்த எடை என ஆறு பத்திகள் போதும். எண்ணிக்கை ஜிஎஸ்டி கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

படி 3: இலக்கு எவ்வளவு?

இலக்கு என்பது அந்த ஆண்டு மறுசுழற்சிக் கணக்கில் காட்ட வேண்டிய எடை. பழைய நிறுவனம் என்றால், பொருளின் சராசரி ஆயுள் எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுக்கு முன் விற்ற எடையில் 2025-26, 2026-27-க்கு 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம். பிரிட்ஜுக்கு ஆயுள் 10 ஆண்டு. ஆகவே 2025-26-க்குப் பார்க்க வேண்டியது 2015-16 விற்பனையை.

பொருளின் ஆயுளைவிடக் குறைந்த ஆண்டுகளாகத்தான் விற்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு: இரண்டு ஆண்டுக்கு முந்தைய விற்பனையில் 20 சதவீதம். 2023-24-இல் 3 கிலோ எடையுள்ள டேபிள் ஃபேன் 60,000 விற்றிருந்தால் 180 டன். 2025-26 இலக்கு 36 டன்.

படி 4: பதிவு

பதிவு மத்திய வாரியத்தின் இபிஆர் போர்ட்டலில்தான். நாகர்கோவிலில் உள்ள தமிழ்நாடு வாரிய அலுவலகத்துக்கு மனுவோடு போய் நிற்க வேண்டாம். ஜிஎஸ்டி, பான், இறக்குமதி என்றால் ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்), கையெழுத்திடுபவரின் அடையாளம் ஆகியவற்றை முதலிலேயே ஸ்கேன் செய்து வையுங்கள். பானில் ஒரு பெயர், ஜிஎஸ்டியில் இனிஷியல் மாறிய பெயர் என்றால் விண்ணப்பம் திரும்பும். அடுத்தவர் ஐஇசி-யில் சரக்கு இறக்கியிருந்தால் இறக்குமதியாளர் அவர்தான். பொறுப்பு யாருடையது என்பதைச் சரக்கு வருமுன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு 0.1 சதவீதம், காட்மியத்துக்கு 0.01 சதவீதம் என்ற வரம்பும் உண்டு. இது மொத்தச் சாதனத்துக்கல்ல, அதிலுள்ள ஒவ்வொரு தனித்தனி மூலப்பொருளுக்கும். நம் ஊர் ஷெட்டுகளில் ஓடும் 60/40 சால்டரில் ஈயமே 40 சதவீதம். ரெகுலேட்டர் போர்டை அதில் பற்றவைத்தால் வரம்பு அங்கேயே தாண்டிவிடும்.

படி 5: சான்றிதழ்

நீங்களே எதையும் உடைக்க வேண்டியதில்லை. இவ்வளவு எடை மறுசுழற்சி ஆனது என்பதற்கான இபிஆர் சான்றிதழைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போர்ட்டல் வழியாக வாங்கி இலக்கைக் காட்ட வேண்டும். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்குக்கே சான்றிதழ் உண்டு. ஃபேனில் தங்கம் தவிர மற்ற மூன்றும் தாராளம். சான்றிதழ் உருவான நிதியாண்டு முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டு செல்லும். மலிவாகக் கிடைக்கிறதே என்று குவிக்கவும் முடியாது. அந்த ஆண்டு இலக்கு, பழைய பாக்கி, அதற்கு மேல் நடப்பு இலக்கில் 5 சதவீதம், அவ்வளவுதான் வாங்கலாம்.

இலக்கை விட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு. கட்டிவிட்டால் கடமை தீராது, பாக்கி மூன்று ஆண்டு வரை கூடவே வரும். ஓராண்டுக்குள் நிறைவேற்றினால் கட்டியதில் 85 சதவீதம் திரும்பும், இரண்டாண்டில் 60, மூன்றாண்டில் 30. காலாண்டு ரிட்டர்னை அடுத்த மாதம் முடியுமுன் போட வேண்டும்.

படி 6: பழையதைத் திரும்ப வாங்குவது

சான்றிதழ் எங்கோ வாங்கியாகிவிடும், ஆனால் கருங்கல் ஊரில் விற்ற ஃபேன் அந்த ஊர் ஆக்கர் கடைக்குத்தான் (பழைய இரும்புக் கடை) போகும். அங்கே வயரை எரித்துச் செம்பை எடுப்பார்கள், பிவிசி புகை அக்கம்பக்கத்துக்கு. ஆக்கர்காரர் கொடுக்கும் காசைவிடக் கொஞ்சம் கூட்டி, புது ஃபேனில் தள்ளுபடியாகக் கொடுத்தால் பழையது உங்கள் கடைக்கு வரும்.

வாங்கியதை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் உப்புக் காற்றும் உள்ள மாவட்டம் இது, தரையில் போட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். கூரைக்கடியில் மரப்பலகை மேல் அடுக்கி, வந்த தேதியைச் சாக்பீஸால் எழுதுங்கள். சென்னைப் பக்கத்து மறுசுழற்சியாளருக்கு 700 கிலோமீட்டர் லாரி வாடகை ஆகும். அதனால் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் டீலர்களிடம் சேர்ந்ததை ஒரே நடையில் ஏற்றி, எடைச்சீட்டும் மறுசுழற்சியாளரின் பதிவு எண் உள்ள ரசீதும் கையில் வந்த பிறகே லாரிக்காரருக்கு மீதி வாடகையைக் கொடுங்கள்.