கோல்ஃப்ல அயன் அடிச்சா பந்து வலது பக்கமே ஓடுதா? ஸ்விங்க தொடறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

பெங்களூர் அல்சூர்ல இருந்து காலைல 6 மணிக்கே கிளம்பி, ஓல்டு ஏர்போர்ட் ரோடு ஜாம் ஆகறதுக்குள்ள ரேஞ்சுக்கு (பந்து அடிச்சுப் பழகற மைதானம்) போய் 50 பந்து அடிப்பேன், அதுல 40 வலது பக்க வேலியத் தேடிப் போகும். நாலு மாசம் இதே கதை. யூட்யூப் பாத்து தோள், இடுப்பு, மணிக்கட்டுன்னு எல்லாத்தையும் மாத்தினேன், ஒண்ணும் ஆகல. (இங்க சொல்றதெல்லாம் ரைட் ஹேண்ட் ஆளுங்களுக்கு, லெஃப்ட்னா திருப்பிப் போட்டுக்கங்க.)

1. மொதல்ல நோட் பண்ணுங்க

7 அயன் (இரும்புத் தலை வச்ச கோல்ஃப் மட்டைல, அதாவது கிளப்புல, 7ம் நம்பர்) மட்டும் எடுத்து ஒரே டார்கெட்டுக்கு 10 பந்து அடிங்க. எங்க விழுதுங்கறத விடுங்க, எந்தப் பக்கம் கிளம்புது, அப்புறம் காத்துல எந்தப் பக்கம் வளையுது, இந்த ரெண்டயும் தனித்தனியா போன்ல எழுதுங்க. கிளம்புற திசை பெரும்பாலும் கிளப் முகம் (பந்த அடிக்கற தட்டையான பக்கம்) பந்துல படுற நொடியில எங்க பாக்குதோ அதுதான். கேரம்ல கை எப்படி வந்தாலும் ஸ்ட்ரைக்கர் காய்ல எங்க படுதோ அத வச்சுதானே காய் போகுது, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வளையறதுக்குக் காரணம் வேற: கிளப் வர்ற பாதையும் முகமும் ஒத்துப்போகல. பாதைய விட முகம் வலது பக்கம் திறந்திருந்தா வலது பக்கம் வளையும், மூடியிருந்தா இடது பக்கம்.

என் நோட்டுல பாத்தா பந்து வளையவே இல்ல, நேரா வலது பக்கம் போயிருக்கு. அதாவது முகமும் பாதையும் சேந்தே தப்பான பக்கம் பாக்குது.

2. நிக்கிற விதம்

பக்கத்துல நின்ன ஒரு கேடி (கோல்ஃப் பையத் தூக்கிட்டு வர்ற உதவியாளர்) அண்ணன் ரொம்ப நேரம் பாத்துட்டு "சார், உங்க காலு எங்க பாக்குது தெரியுமா?"ன்னு கேட்டாரு. என் ஷூ நுனில ஒரு கிளப்ப படுக்க வச்சுட்டு "பின்னாடி வந்து பாருங்க"ன்னாரு. போய்ப் பாத்தா அது கொடிய விட்டுட்டு வேலியக் காட்டுது. எனக்கு சிரிப்பு வந்துச்சு, நாலு மாசத்த நெனச்சு அழுகையும் வந்துச்சு.

தண்டவாளம் மாதிரி நெனச்சுக்கங்க. பந்துல இருந்து டார்கெட்டுக்கு ஒரு கம்பி, கால் வரிசை அதுக்கு இந்தப் பக்கம் இணையா இன்னொரு கம்பி. தோளும் அதே மாதிரி. தரையில ரெண்டு குச்சி போட்டுக்கிட்டே பிராக்டிஸ் பண்ணுங்க, இதுக்கு காஸ்ட்லி ஸ்டிக் எதுவும் வேண்டாம்.

3. கிரிப், பந்து வைக்கிற இடம்

கீழ குனிஞ்சு பாத்தா இடது கைல 2 அல்லது 3 விரல் முட்டி தெரியணும். ஒண்ணுதான் தெரியுதுன்னா முகம் திறந்தே வரும். 7 அயனுக்கு பந்து ரெண்டு காலுக்கு நடுவுல, இல்ல டார்கெட் பக்கமா துளி முன்னாடி. ரொம்பப் பின்னாடி போனா முகம் மூடறதுக்குள்ள அடிச்சிடுவீங்க, அதுவும் வலது பக்கம்தான்.

இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளையுதா? கிளப் பந்துக்கு வெளிப் பக்கம் இருந்து உங்க பக்கமா உள்ள வெட்டுது. பந்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பின்னாடி ஹெட்கவர் (கிளப் தலைக்குப் போடற உறை) ஒண்ண வச்சு, அதுல படாம அடிச்சுப் பழகுங்க.

4. மார்க்கர் டெஸ்ட்

கிளப் முகத்துல வைட்போர்டு மார்க்கர் தடவி அடிச்சா பந்து பட்ட இடம் அழிஞ்சிருக்கும். கைப்பிடிக் கம்பு சேர்ற ஓரத்துல பட்டுச்சுன்னா அது ஷாங்க், படுவேகமா வலது பக்கம் தெறிக்கும். அதுக்குத் திசைய மாத்தி பிரயோஜனமே இல்ல, பந்துக்கு ரொம்பக் கிட்ட நிக்கறீங்களான்னு பாருங்க, இல்லன்னா கீழ வர்றப்ப வெயிட் கால் விரலுக்குப் போகுதான்னு பாருங்க.

இன்னொண்ணு. பந்துல மார்க்கரால ஒரு கோடு போட்டு, அது செங்குத்தா முகத்தப் பாக்கற மாதிரி வச்சு அடிங்க. முகத்துல ஒட்டுன கோட்டோட மேல் நுனி கம்புப் பக்கம் சாஞ்சிருந்தா உங்களுக்கு கிளப் ரொம்பப் படுத்திருக்கு (கம்பு தரைப் பக்கம் ரொம்ப சாஞ்ச கோணம்), பந்து வலது பக்கம் போகும். கம்புக்கு எதிர்ப் பக்கம், அதாவது கிளப் தலையோட நுனிப் பக்கம், சாஞ்சா அதுக்கு நேர் எதிர். நிக்கறத சரி பண்ணியும் 50ல 10 வேலிக்கே போச்சுன்னு நானும் கோடு போட்டுப் பாத்தேன், கம்புப் பக்கம்தான் சாஞ்சிருந்துச்சு. செகண்ட் ஹேண்ட் செட்டு, என்னை விட குட்டையான ஆளு வச்சிருந்தது. ஃபோர்ஜ்டு அயன்ங்கறதால (அடிச்சு உருவாக்கின இரும்பு, வளைஞ்சு குடுக்கும்) கடைக்காரர் 2 டிகிரி நிமித்திக் குடுத்தாரு.